செபமாலைமுத்து மாமாவின் கறிமீன்

எங்கள் வீட்டு மேல்மாடியில், குளியலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருந்தவர் செபமாலைமுத்து மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மன்னார் பேசாலையில் கடற்றொழில் செய்தவர். 1989இல் லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதை விண்ணப்பம் என்று சொல்வதில்லை. 'கேஸ்' என்றுதான் பெயர். படுக்கையில் கிடக்கும் நோயாளியைப்போல அந்தக் கேஸும் எங்களோடு குடியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதன் சுகத்தைத்தான் விசாரிப்பார்கள்.

மாமாவைப்போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. நேவிக்காரன் சுட்டுக்கொண்டு வரும்போது விளக்கில்லாமல் வள்ளம் ஓட்டியவர், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லாத றோட்டைப் பார்த்துக்கொண்டு, பச்சை விளக்கு வரும்வரை மழையில் நனைவார்.

"ஒண்டும் வரேல்லை மாமா, வாங்கோ."

"கேஸ் நடக்குது பிள்ளை."

பஸ் ரிக்கற்றை எறியமாட்டார். பிறகு யாராவது கேட்டால் காட்டுவதற்கு என்று பைபிளுக்குள் சேர்த்து வைத்திருந்தார். சங்கீதம் எங்கே முடிகிறது, 101ஆம் நம்பர் பஸ் எங்கே தொடங்குகிறது என்று ஆண்டவருக்கே தெரிந்திருக்காது.

மெற்றில்டா மாமியும் மகளும் ஊரில், மடுக் கோயில் அகதி முகாமில், தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தார்கள். கேஸ் சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடுவதைப் பற்றி நினைக்கவாவது முடியும். அதனால் மண்ணிற அரசாங்க உறையில் கடிதம் வந்தால் மாமா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வருவார். வாசித்துச் சொல்வது என் வேலை. நான் முதல் வரியை வாசிக்கும்போது அவர் என் கண்ணைத்தான் பார்ப்பார்.

எனக்கு, நிர்மலாவுக்கு, அப்போது பதினைந்து வயது. 1991, செப்டம்பர் கடைசி. வகுப்பு ஹீற்றருக்குப் பின்னால் கருவாட்டுத் துண்டொன்றைச் செருகிவைத்ததற்காகப் பள்ளிக்கூடம் என்னை இரண்டு கிழமை வீட்டில் நிற்கச் சொல்லியிருந்தது. செருகியது யூலை மாதம். ஹீற்றர் போட்டது செப்டம்பர். அவ்வளவு நாள் பொறுத்திருந்த என் பொறுமையை ஒருவரும் பாராட்டவில்லை.

மாமாவுக்கு வேலை செய்ய அனுமதிக் கடிதம் இருந்தது. வேலைதான் கிடைக்கவில்லை. ஒருநாள் நோர்த் வூலிச் பக்கம் ஆற்றைப் பார்க்கப் போனவர், வலைச் சிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு வார்த்தை பேசாமல் சிக்கை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கிழவர் பெயர் றொன். தேம்ஸ் ஆற்றில் கூட்டுவலை போட்டு விலாங்கு பிடித்து, அதை மாவுக்குள் வைத்துச் சுட்டு விற்கும் கடைகளுக்குக் கொடுக்கிறவர். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மாமா அவருடைய படகில். ஊரில் படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். மாமா றொன்னையும் சம்மாட்டி என்றுதான் சொன்னார். றொன் அது ஏதோ ராணுவப் பட்டம் என்று நினைத்து நிமிர்ந்து நிற்பார்.

ஆற்றில் அந்த வருசம் ஒரு சண்டை நடந்தது. தேம்ஸ் ஒரு காலத்தில் செத்துப்போன ஆறு. அதைக் கழுவித் துடைத்து, வருசாவருசம் சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். கடலுக்குப் போன குஞ்சுகளில் சில பெரிதாகித் திரும்பி வரத் தொடங்கின. நூறு வருசத்துக்கு மேல் வராத விருந்தாளி. வந்த உடனே அது யாருடைய விருந்தாளி என்று அடிபாடு. அனுமதிச் சீட்டு வாங்கித் தூண்டில் போடுகிறவர்கள், மீனைப் பிடித்துப் படம் எடுத்துத் திரும்ப விடுவார்கள். அவர்களுக்கு வலைக்காரரைக் கண்ணில் காட்டக்கூடாது. வலைக்காரர், தாங்கள் விலாங்குக்குத்தான் வலை போடுகிறோம், சால்மன் தன்பாட்டில் வந்து விழுந்தால் என்ன செய்வது என்றார்கள். சட்டம் என்னவென்றால், வலையில் பட்ட சால்மனை, உயிரோடோ செத்தோ, ஆற்றிலேயே விடவேண்டும். எடுத்தால் வலைக்காரரின் அனுமதி போய்விடும். மூன்றாவதாக ஒரு கூட்டம், கரைக் கம்பியில் சாய்ந்து நின்று வீட்டுச் சட்டிக்காகப் பிடிப்பது. வியட்நாம்காரர், ஜமேக்காக் கிழவர்கள், ஞாயிறு பூசை முடிந்து வரும் எங்கடை ஆட்கள். இவர்களை யாரும் ஒரு கட்சியாகவே எண்ணவில்லை.

ஒக்டோபரில் வூலிச்சில் இதைப்பற்றி ஆற்று அலுவலகத்தின் பொதுக்கூட்டம் என்று றொன் ஒரு தாள் கொடுத்தார். மாமா அதை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அரசாங்கத் தாளை எறிவதாவது.

இனி மாமாவின் பிழை.

பேசாலையில் வள்ளம் கரைக்கு வந்தால், ஏலம் கூறுவதற்கு முன்னால், வேலை செய்தவன் தன் வீட்டுச் சட்டிக்கு ஒரு மீனை எடுத்துக்கொள்வான். அதுதான் கறிமீன். அதைச் சம்மாட்டியிடம் கேட்டு எடுப்பதில்லை. கேட்டால், 'நீ தரமாட்டாய் என்று நினைக்கிறேன்' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஒன்றரை வருசமாக மாமா கறிமீன் எடுக்கவில்லை. விலாங்கைப் பாம்பென்று சொல்லி அம்மா வாசலுக்குள் விடவில்லை. அந்த வியாழக்கிழமை காலை வலையின் கடைசிக் கூட்டில், விலாங்குகளுக்கு நடுவில், ஒரு வெள்ளி மீன் செத்துக் கிடந்தது. றொன் முன்பக்கம் திரும்பி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா மீனை எடுத்துத் தன் பையில் வைத்தார். ஒளிக்கவில்லை. கேட்கவுமில்லை.

101ஆம் பஸ்ஸில், நியூஸ்பேப்பரில் சுற்றி, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ரிக்கற்றோடு அது எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அன்றுதான் அவர் சிரித்துக்கொண்டு படியேறியதைப் பார்த்தேன்.

"தங்கச்சி, சட்டியை வை!"

அம்மா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன மீன் அண்ணை?"

"தெரியாது. ஆனால் நல்ல சாதி. முதுகிலை, வால்பக்கம், ஏதோ வெட்டின தழும்பு மாதிரிக் கிடக்கு."

எனக்குத் தெரிந்தது. பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் அதன் படம் இருந்தது. "மாமா, இது சால்மன்."

"சும்மா போ பிள்ளை. அது கடையிலை ரின்னுக்கை எல்லோ இருக்கும்."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் தாளை வாசித்துக் காட்டியிருக்கலாம். சட்டியில் கறிவேப்பிலை விழும் சத்தம் கேட்டது. பசி. வாசிக்கவில்லை.

சொதியில் போட்ட தலையை அம்மா மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். வீட்டில் பெரியவருக்குத்தான் தலை. மாமா அதைத் தூக்கி என் கோப்பையில் வைத்தார்.

"என்ரை கடிதமெல்லாம் வாசிக்கிற மூளை. தின்னு."

நான் கண்ணையும் மூக்கையும் முள்ளையும் சூப்பி, வெறும் எலும்பை மட்டும் மிச்சம் விட்டேன். மீதி இரண்டு துண்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி, பிரீசருக்குள் போனது.

இப்படி ஒரு மனிதர் தலையைத் தூக்கித் தந்த பிறகு, சனிக்கிழமை நான் செய்த வேலை இது. அப்பாவின் பழைய டைப்ரைற்றரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். தண்ணி பில்லில் இருந்த சின்னத்தை லைப்ரரியில் கொப்பி எடுத்து மேலே ஒட்டினேன். 'தங்கள் பிரீசரில் ஒரு சால்மன் தங்கியிருப்பதாக அறிகிறோம். மீதியுடன் பொதுக்கூட்டத்துக்குச் சமுகமளிக்கவும். ஒப்பம், மீன்களின் தலைமை மேற்பார்வையாளர்.' மண்ணிற உறையில் போட்டு, முன்கதவு வழியே தள்ளிவிட்டு, பின்பக்கத்தால் ஓடிவந்து மேசையில் இருந்தேன். மாமா அதை என்னிடம் கொண்டுவருவார், நான் முகத்தை இறுக்கிக்கொண்டு வாசிப்பேன், கால்மணி நேரம் சிரிப்பு, அவ்வளவுதான் திட்டம்.

கடிதம் விழுந்தபோது வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர் எட்வேட் அங்கிள். எங்கள் பங்குக் கோயிலில் எல்லாருக்கும் போர்ம் நிரப்பிக் கொடுக்கிறவர். கவுன்சிலில் கிளார்க், மனதுக்குள் நீதவான். உறையை அவரே எடுத்தார். அவரே உடைத்தார்.

"முத்தண்ணை, நீங்கள் சால்மன் எடுத்தனீங்களோ?"

மாமா எழும்பி நின்றார். "கறிக்கு எடுத்தன்."

"இது சின்ன விசயமில்லை. இஞ்சை சால்மன் எண்டால் இராசா வீட்டுப் பிள்ளை மாதிரி. கேஸ் நடக்கேக்கை இப்பிடியொண்டு வந்தால் கேஸைப் பாக்கிற ஹோம் ஒபிஸுக்கும் ஒரு கொப்பி போகும்."

மாமா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து, வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். எட்வேட் அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். மூடினேன்.

அன்று சொல்லியிருந்தால் ஒரு அடியோடு போயிருக்கும். ஞாயிறு சொல்லியிருந்தால் இரண்டு. திங்கட்கிழமை மாமா சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். செவ்வாய், தன் றேடியோவை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "நீ வைச்சிரு பிள்ளை. அங்கை அனுப்பினால் இதைத் தூக்கிக்கொண்டு போகேலாது." புதன்கிழமை அவருடைய கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் பூட்டிக் கிடந்தது. பகிடிக்குப் பெயர்போன நான், படியில் அவர் காலடி கேட்டால் குளியலறைக்குள் ஒளித்தேன்.

கூட்டம் அடுத்து வந்த சனிக்கிழமை பின்னேரம். மாமா பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டார். இரண்டு துண்டு மீனையும் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தார். "நீ வந்து சொல்லித்தா" என்றார். அப்பா ஷிப்டில். நான்தான் போகவேண்டும்.

நோர்த் வூலிச்சிலிருந்து ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினோம். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணியைப் பார்த்தார்.

"நான் யோசிச்சிட்டன் பிள்ளை. படகிலை எடுத்தது எண்டு சொன்னால் சம்மாட்டியின்ரை அனுமதியை வெட்டிப்போடுவாங்கள். நாப்பது வருசத் தொழில். கரையிலை நிண்டு நான் தூண்டிலிலை பிடிச்சது எண்டு சொல்லுறன். என்னோடை போகட்டும்."

"மாமா, அந்தக் கடிதம்..."

"என்ன?"

"அது நான் எழுதினது. பகிடிக்கு. டைப்ரைற்றரிலை. ஒருத்தரும் உங்களைத் தேடேல்லை. வீட்டை போவம்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. என் தலையில் கையை வைத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாதை பிள்ளை."

"ஐயோ, உண்மை மாமா! சத்தியமா!"

"சத்தியமும் பண்ணாதை."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய உண்மை அது. நம்புவதற்கு ஆளில்லை.

மண்டபத்தில் கலியாண வீடுபோல இரண்டு பக்கம். வலப்பக்கம் தூண்டில்காரர், பச்சைத் தொப்பிகளோடு. இடப்பக்கம் வலைக்காரர், கையில் எண்ணெய்க் கறையோடு. றொன் மாமாவைக் கண்டு கை காட்டினார். மாமா எந்தப் பக்கமும் போகாமல், பின்னால் கதவோரம், சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு தொப்பிக்காரர் எழும்பி, நாங்கள் காசு கட்டி ஆற்றைத் திருத்த, இவர்கள் வலையில் வாருகிறார்கள் என்றார். றொன் எழும்பி, வலையில் வந்த சால்மனில் ஒன்றையாவது நான் வீட்டுக்குக் கொண்டுபோனதாக யாராவது காட்டட்டும் என்றார். நான் அதைச் சொல்லித்தர, மாமா பெட்டி மூடியை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

இடைவேளையில் எல்லாரும் தேத்தண்ணிக்குப் போக, மாமா நேரே மேடைக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவர் வாசித்தார். இன்னொருதரம் வாசித்தார். "இது எங்கள் கடிதம் இல்லை. எங்களிடம் மீன்களின் தலைமை மேற்பார்வையாளர் என்று யாரும் இல்லை. யார் எழுதினது?"

"நான்" என்றேன்.

"அரசாங்கத்தின் பெயரில் பொய்க் கடிதம் எழுதுவது என்ன குற்றம் தெரியுமா உனக்கு?"

மாமா என் தோளை இடித்தார். "என்ன சொல்லுறா?"

"கடிதத்தை நான்தான் எழுதினதெண்டு சொல்லிப்போட்டன்."

"பொய் சொல்லாதை எண்டு சொன்னனான் எல்லே!" என்று என்னை உறுக்கிவிட்டு, மாமா அந்த அதிகாரியிடம், தனக்குத் தெரிந்த நாலு சொல்லில், இவள் நல்ல பிள்ளை, பொய் சொல்லுறாள், மீன் நான் எடுத்தது என்று சொன்னார். பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார்.

மஞ்சள் பூசிய இரண்டு துண்டு. மிளகாய்த்தூள் மணம் தாள்களுக்கு மேலால் பரவியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். இது சால்மனா என்று கேட்டார். ஓம் என்றேன். முதுகில் ஒரு சின்னத் துடுப்புச் செட்டை வெட்டியிருந்ததா என்று கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன்.

"ஓம். வால்பக்கம். தழும்பு ஆறின மாதிரி."

அதிகாரி எழும்பிவிட்டார். குஞ்சாக இருக்கும்போது அவர்கள்தான் அந்தச் செட்டையை வெட்டி, மூக்குக்குள் மயிரளவு கம்பித் துண்டொன்றை வைத்து விடுகிறார்களாம். எந்த வருசம், எந்த இடத்தில் விட்டது என்று அந்தக் கம்பியில் குறியிருக்குமாம். ஆயிரக்கணக்கில் விட்டால் கைவிரல் எண்ணிக்கையில்தான் திரும்பி வருமாம்.

"தலை எங்கே?"

நான் மாமாவிடம் கேட்கவில்லை. மாமாவுக்கு அந்தக் கேள்வி விளங்கிவிட்டது. சுட்டுவிரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"தலையை... சாப்பிட்டேன்."

"முழுவதுமா?"

"மூக்கையும்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லை. பிறகு ஒரு போர்மை எடுத்துப் பேனையைத் திறந்தார். எனக்கு இருந்த கொஞ்சச் சிரிப்பும் அந்தப் பேனையோடு போய்விட்டது. மாமா பயந்தது கடிதத்துக்கு இல்லை. இந்தப் பேனைக்குத்தான். அதில் அவர் பெயர் ஏறினால் அது எங்கே எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

"எங்கே, எப்படி எடுத்தார்?"

மாமாவுக்குச் சொன்னேன். மாமா நிமிர்ந்தார். "கரையிலை நிண்டு, தூண்டிலிலை எண்டு சொல்லு."

அப்படிச் சொன்னால் அனுமதிச் சீட்டில்லாத தூண்டில், மாமா பிடிபடுவார். உண்மையைச் சொன்னால் றொன் பிடிபடுவார். றொன் அப்போது தேத்தண்ணிக் கோப்பையோடு நாலடி தள்ளி நின்றார். பெட்டியைக் கண்டுவிட்டார். கோப்பை சோசரில் கிணுகிணு என்றது.

"மாமா, நீங்கள் எடுக்கேக்கை அது உயிரோடையோ, செத்தோ?"

மாமா குழம்பினார். "செத்துத்தான் கிடந்தது."

"எடுக்கும்போது செத்துக் கிடந்ததாம்" என்றேன் அதிகாரியிடம். எங்கே என்பதைச் சொல்லவில்லை. ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. குறைத்தேன், அவ்வளவுதான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மாமாவின் பூசைக் கோட்டைப் பார்த்தார். றொன்னின் கோப்பையைப் பார்த்தார். அவர் மடைச்சி இல்லை. மெதுவாக எழுதினார்: செத்துக் கிடந்தது. போர்மில் இரண்டு கட்டம் இருந்தது. தூண்டில், வலை. பேனை இரண்டுக்கும் மேலே நின்றது.

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன கேக்குது?"

"தூண்டிலோ வலையோ எண்டு கேக்குது."

"கறிமீனுக்குக் கட்டம் இல்லையோ?"

கறிமீன் என்றால் என்னவென்று அதை மட்டும் நான் முழுதாகச் சொன்னேன். வேலை செய்தவன் வீட்டுச் சட்டிக்கு எடுப்பது, கேட்காமல் எடுப்பது, அது களவில்லை என்று. அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கட்டத்தையும் விட்டு, ஓரத்தில் 'வீட்டுச் சாப்பாட்டுக்கு' என்று எழுதினார்.

"பெயர்?"

மாமா வாயைத் திறந்தார்.

"அவருடையது இல்லை" என்றார் அதிகாரி. "கம்பி யாரிடம் இருக்கிறதோ அவருடையது."

இன்றைக்கும் அந்த அலுவலகத்தின் ஏதோ ஒரு இரும்பு அலுமாரியில், அந்த வருசத்துச் சால்மன் ஒன்றின் தலை, ஈஸ்ட் ஹாம் நிர்மலாவுக்குள் இருப்பதாகப் பதிவிருக்கும். என் பொய்க் கடிதத்தை அவர் மடித்துத் தன் பைலில் வைத்துக்கொண்டார். இன்னொன்று வந்தால் இரண்டையும் சேர்த்துப் பொலிசுக்குக் கொடுப்பேன் என்றார். அந்தச் சொல் என்னை நெடுங்காலம் தூங்கவிடவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

கூட்டத்தின் முடிவில், சால்மன் வரும் மாதங்களில் வலை வாயில் பெரிய மீன் புகாத கம்பிச் சட்டம் போடவேண்டும் என்று தீர்த்தார்கள். இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டு போனது. கரைக் கம்பியில் சாய்ந்து நிற்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த வியாழன் றொன் ஒரு தட்டைமீனை நியூஸ்பேப்பரில் சுற்றி மாமாவின் கையில் கொடுத்தாராம். மாமா கோபத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"பிச்சை போடுற மாதிரிக் கையிலை தாறார் பிள்ளை. கறிமீனை ஆரும் குடுக்கிறதோ?"

நான் மறுநாள் காலையே போய் றொன்னுக்கு விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு கரைக்கு வந்ததும் அவர் முன்பக்கம் திரும்பி, பிளாஸ்கைத் திறந்து, தேவையில்லாமல் நிறைய நேரம் தேத்தண்ணி ஊற்றுவார்.

பெப்ரவரியில் ஒரு காலை மண்ணிற உறை ஒன்று விழுந்தது. மாமா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். என்னிடம் நீட்டவில்லை. கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, கோவிக்காதை. இது நீ எழுதினதோ?"

ஆறு கடக்கும்போது நான் சொன்னதை, அவர் எப்போதோ நம்பியிருக்கிறார். ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. றேடியோவையும் திருப்பிக் கேட்கவில்லை.

"இல்லை மாமா. சத்தியமா இல்லை."

அது நான் எழுதியதாக இருக்கக்கூடாதா என்றிருந்தது. நான் எழுதியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிந்திருக்கும். நல்லதாகவே எழுதியிருப்பேன். அம்மா அடுப்பை நிறுத்தினார். உறையைக் கிழித்தேன். மாமா என் கண்ணையே பார்த்தார்.

ஒரு வருசம். விசேட அனுமதி. ஒரு வருசம் இருக்கலாம், பிறகு திரும்பவும் பார்ப்பார்கள். மாமியையும் மகளையும் கூப்பிட அது காணாது.

"ஒருக்கால் திருப்பி வாசி."

வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். மாமா கதிரையில் இருந்து, ஒரு வருசம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து, பைபிளைத் திறந்து, பஸ் ரிக்கற்றுகளுக்கு நடுவில் வைத்தார். சப்பாத்தைப் போட்டார். வலை எடுக்கப் போகவேண்டும், ஆறு வற்றுகிற நேரம்.

நான் ஜன்னலால் பார்த்தேன். மூலையில் போய், ஒரு வாகனமும் இல்லாத றோட்டைப் பார்த்துக்கொண்டு, பச்சை விளக்குக்காக நின்றார்.